இயற்பெயரிலிருந்து பிறந்த குடும்பப்பெயர்கள்: மூலத்தைத் தேடிச் செல்லும் முறை

ஜான்சன் என்ற குடும்பப்பெயரைத் தாங்கிய ஒருவருடைய தந்தையின் பெயர் இன்று ராபர்ட்டாகவும் இருக்கலாம், மைக்கேலாகவும் இருக்கலாம். ஆனால் பின்னோக்கிச் சென்றால், ஏதோ ஒரு தலைமுறையில் அந்தப் பெயர் சொல்லுக்குச் சொல் மெய்யாக இருந்திருக்கும். ஜான் என்று ஒருவர் இருந்தார். அவருடைய பிள்ளையை ஊரார் 'ஜானின் மகன்' என்று அடையாளம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்குப் பிறந்தவர்கள் ஜானின் பேரப்பிள்ளைகளாக இருந்தும் அதே பெயரைச் சுமந்தார்கள். பெயர் மெய்யாக இருந்த அந்தக் கடைசித் தலைமுறையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தேடலின் இலக்கு.

புதிதாகத் தொடங்குவோர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 'இந்தப் பெயருக்கு என்ன பொருள், எந்த இயற்பெயரிலிருந்து வந்தது?' என்பது மொழியியல் கேள்வி. அதற்கு ஒரு மாலைப்பொழுதிலேயே விடை கிடைத்துவிடலாம். 'எங்கள் குடும்பத்துக்கு இந்தப் பெயரைத் தந்த மனிதர் யார்?' என்பது ஆவணக் கேள்வி; அதற்கு மாதங்கள் ஆகலாம், விடையே கிடைக்காமலும் போகலாம். முதல் விடையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக எண்ணுவதே இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. ஜான் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாமலேயே ஜான்சன் ஆனார்கள்.

முதல் வேலை: பெயரை மூல எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

தமிழ் எழுத்தில் எழுதும்போது பல வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. 'தாம்சன்' என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தில் 'பி' எழுத்துடன் ஒரு பெயராகவும், அது இல்லாமல் வேறொரு பெயராகவும் வழங்குகிறது. 'ஃபெர்னாண்டஸ்' என்று நாம் எழுதும் பெயர் 'இசட்' எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஸ்பானிய வழியில் வந்தது, 'எஸ்' எழுத்தில் முடிந்தால் போர்ச்சுக்கீசிய வழியில் வந்தது. அந்த ஓர் எழுத்து, தேட வேண்டிய நாட்டையே மாற்றிவிடும். ஆகவே குடும்பத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஆவணத்தில், அது திருமணச் சான்றோ கல்லறைக் கல்லோ எதுவானாலும், பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே எழுத்து பிசகாமல் படியெடுங்கள். திருத்த வேண்டாம்; இன்றைய எழுத்துமுறைக்கு மாற்றவும் வேண்டாம். ஒரே மனிதருடைய பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தால், மூன்றையும் ஆண்டோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது: ஒட்டைப் பிரித்தெடுப்பது

இயற்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயரில் பெரும்பாலும் ஒரு முன்னொட்டோ பின்னொட்டோ இருக்கும். அதுவே மொழியைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் 'சன்', டேனிய, நார்வேஜிய மொழிகளில் 'சென்', ஸ்பானியத்தில் 'எஸ்', ரஷ்ய மொழியில் 'ஓவ்', 'எவ்', 'இன்', உக்ரைனியத்தில் 'என்கோ', செர்பியத்தில் 'இச்', ருமேனியத்தில் 'எஸ்கு', ஆர்மீனியத்தில் 'யான்', ஜார்ஜியத்தில் 'ஷ்விலி', 'ட்ஸே', துருக்கியில் 'ஓக்லு' என வரும் இறுதிகள் எல்லாம் இன்னாருடைய மகன், இன்னாரைச் சேர்ந்தவர் என்ற பொருளைத் தருபவை. பெட்ரோசியான் என்ற ஆர்மீனியப் பெயரிலும், பெட்ரோவிச் என்ற செர்பியப் பெயரிலும், பீட்டர்சன் என்ற ஆங்கிலப் பெயரிலும் இருப்பவர் ஒரே பீட்டர்தான். முன்னொட்டுகளில் ஐரிஷ், ஸ்காட்டிய 'மாக்' மகனையும், ஐரிஷ் 'ஓ' பேரனையோ வழித்தோன்றலையோ குறிக்கும். நார்மானியப் பிரெஞ்சு 'ஃபிட்ஸ்' மகனைக் குறிக்கும். அரபு மொழியில் 'இப்னு', 'பின்' என்பன மகனையும் 'பின்த்' மகளையும் குறிக்கும். அரபுப் பெயர்களில் வரும் 'அபு' என்பதை இவற்றோடு சேர்த்துவிடக் கூடாது. அது 'இன்னாரின் தந்தை' என்று பொருள்படுவதால், தேடலின் திசையே தலைகீழாகிவிடும்.

எல்லாப் பெயர்களிலும் ஒட்டு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. தாமஸ், மார்ட்டின், லூயிஸ் போன்றவை இயற்பெயராக இருந்தபடியே குடும்பப்பெயராகிவிட்டன. வில்லியம்ஸ், ராபர்ட்ஸ், எட்வர்ட்ஸ் போன்றவற்றில் இறுதியில் ஒரு 'ஸ்' மட்டும் உடைமைப் பொருளில் சேர்ந்திருக்கிறது.

ஒட்டு கண்ணுக்குத் தெரியாமல் பெயரோடு கரைந்துபோன இடங்களே சுவையானவை. வேல்சு மொழியில் மகனைக் குறிக்கும் சொல் 'அப்'. உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு முன் அதன் இறுதி மெய் மெலிந்து, 'ap' என்பது 'ab' ஆகும். விரைவாகப் பேசும்போது அச்சொல்லின் முதல் உயிர் தேய்ந்து, எஞ்சிய மெய்யெழுத்து அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படித்தான் அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனது. அப் ஹவல் பவல் ஆனது. அப் ஹாரி பாரி ஆனது. அப் ரிச்சர்ட் பிரிட்சர்ட் ஆனது. ஓவன், இவான் ஆகியோருடைய மக்கள் போவனும் பெவனும் ஆனார்கள். பிரைஸ் என்ற பெயரை ஆங்கில அகராதியில் தேடினால் 'விலை' என்ற பொருள்தான் கிடைக்கும். ரீஸ் என்ற மனிதர் கிடைக்கமாட்டார்.

உள்ளே இருக்கும் இயற்பெயரை அடையாளம் காணுதல்

ஒட்டை நீக்கிய பிறகு எஞ்சுவது பெரும்பாலும் முழுப்பெயராக இராது. வீட்டில் கூப்பிட்ட பெயராக இருக்கும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இடைக்கால இங்கிலாந்தில் மிகச் சில இயற்பெயர்களே மிகப் பலருக்கு வழங்கியதால், ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்தறியச் செல்லப்பெயர்கள் பெருகின. அவை எதுகை போட்டுக்கொண்டு பெருகின என்பதுதான் வேடிக்கை: ராபர்ட், ராப் ஆகி, பிறகு ஹாப், டாப், நாப் என்று முதலெழுத்தை மாற்றிக்கொண்டது, ரோஜர், ஹாட்ஜ் என்றும் டாட்ஜ் என்றும் ஆனது.

ரிச்சர்ட் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு அது எங்கெல்லாம் சென்றது என்று பாருங்கள். ரிச்சர்ட்ஸ், ரிச்சர்ட்சன் ஆகியவை நேர்வழி. ரிக் என்ற சுருக்கம் எதுகையால் டிக் ஆகி, டிக்சன், டிக்கன்ஸ் ஆகிய பெயர்களைத் தந்தது. அதே ரிக், ஹிக் ஆகி ஹிக்ஸ், ஹிக்சன் ஆகியவற்றைத் தந்தது. ரிச் என்ற சுருக்கம் ஹிட்ச் ஆகி, இளைஞனைக் குறிக்கும் 'காக்' என்ற பின்னொட்டைச் சேர்த்துக்கொண்டு ஹிட்ச்காக் ஆனது. வேல்சில் அதுவே பிரிட்சர்ட். இத்தனை பெயர்களையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்தால், அவற்றுக்குள் ஒரே மனிதப் பெயர் இருப்பதாக யாரும் ஊகிக்கமாட்டார்கள். 'கின்', 'காக்', 'எட்', 'ஆட்' போன்ற சிறுமைப் பின்னொட்டுகள் மகன் என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு அடுக்காக நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அட்கின்சன் என்ற பெயரில் ஆதாம் என்பதன் சுருக்கம், 'கின்', 'சன்' என மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

இயற்பெயர் எப்போதும் ஆணுடையது என்று கொள்ள வேண்டியதில்லை. டில்லட்சன் என்பது மடில்டா என்பவரின் மகன். இபட்சன் என்பது இசபெல்லின் மகன். மெக்சன் என்பது மார்கரெட்டின் மகன். கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பப்பெயர்களில் ரிவ்கின் ரிவ்கா என்ற பெண்ணின் பெயரிலிருந்தும், சோர்கின் சாராவின் செல்லப்பெயரிலிருந்தும் வந்தவை. தாயின் பெயரைக் கொண்ட குடும்பப்பெயரைக் கண்டவுடன் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று முடிவுகட்டுவோர் உண்டு, அது அவசரம். கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தை நடத்திய தாயாக இருக்கலாம், ஊரில் கணவனைவிட நன்கு அறியப்பட்டவராகவும் இருக்கலாம்.

இது உண்மையிலேயே இயற்பெயர்தானா?

ஒட்டைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். மேசன் என்ற ஆங்கிலப் பெயர் 'சன்' என்று முடிகிறது. ஆனால் அதற்கும் மகனுக்கும் தொடர்பில்லை, அது கல்தச்சரைக் குறிக்கும் தொழிற்பெயர். கிளார்க்சன் என்பதில் மகன் உண்டு, ஆனால் தந்தை இருப்பது பெயரால் அல்ல, எழுத்தர் என்ற தொழிலால். ரஷ்ய 'ஓவ்' இறுதியிலும் இதே நிலைதான்: இவானோவ் இவானின் வழி வந்தவர், குஸ்னெத்சோவ் கொல்லரின் வழி வந்தவர், போபோவ் பாதிரியாரின் வழி வந்தவர். ஸ்பானியத்தில் ரோட்ரிகஸ் ரோட்ரிகோவின் மகன், சான்சஸ் சான்சோவின் மகன். ஆனால் கோர்டெஸ் என்பது பண்பானவர் என்று பொருள்படும் பட்டப்பெயர். கிரேக்கப் பெயரான பாப்பாடோபுலோஸ் பாதிரியாரின் பிள்ளையைக் குறிக்கிறது.

ஃபிட்ஸ்பேட்ரிக் இன்னும் தந்திரமான பெயர். அதன் உறவுப் பெயர்களைப் பார்த்து நார்மானியக் குடும்பம் என்றே யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது 'பேட்ரிக்கின் அடியார் மகன்' என்று பொருள்படும், அயர்லாந்தின் கேலிக் மொழிப் பெயர், ஆங்கிலச் சூழலில் நார்மானிய உடையை அணிந்துகொண்டது. ஒட்டு ஒரு மொழியைக் காட்டினாலும், அந்தக் குடும்பம் அந்த மொழிக்குரியதுதானா என்பதைத் தனியாகச் சரிபார்த்தே தீர வேண்டும்.

பெயர் எப்போது உறைந்தது?

தேடலின் நடுவில் இருக்கும் கேள்வி இதுதான்; இதற்கு நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் நேரம் கொடுப்பேன். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தந்தைப்பெயர் ஒருவகை. மாறாமல் இறங்கும் குடும்பப்பெயர் இன்னொருவகை. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிய காலம் நாட்டுக்கு நாடு நூற்றாண்டுக் கணக்கில் வேறுபடுகிறது. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இந்த மாற்றம் 14-ஆம் நூற்றாண்டுக்குள் நடந்துவிட்டது. வட பகுதிகளில் சற்றுப் பின்னர். பக்கத்திலேயே இருக்கும் வேல்சின் பல ஊர்களில் 18-ஆம் நூற்றாண்டிலும் தந்தைப்பெயர் முறை உயிரோடு இருந்தது. நெதர்லாந்தில் நெப்போலியனின் 1811-ஆம் ஆண்டு ஆணை குடும்பப்பெயரைப் பதிவுசெய்யச் சொன்னது. ஆஸ்திரியப் பேரரசின் யூதர்களுக்கு 1787-இலும், பிரஷ்யாவின் யூதர்களுக்கு 1812-இலும் அத்தகைய ஆணைகள் வந்தன. டென்மார்க்கில் 1828-இலும் 1856-இலும், ஸ்வீடனில் 1901-இலும், நார்வேயில் 1923-இலும், துருக்கியில் 1934-இலும் சட்டங்கள் வந்தன. ஐஸ்லாந்தில் இன்றும் தந்தைப்பெயரே வழக்கு: 1980-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் என்பவரின் பெயர், 'ஃபின்போகியின் மகள் விக்டிஸ்' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

இந்த ஆண்டுகளை நீங்கள் தேடும் குடும்பத்தின் காலக்கோட்டில் குறித்துவிடுங்கள். கோட்டுக்கு இப்பக்கம் குடும்பப்பெயரை வைத்துத் தேடலாம். அப்பக்கம் தந்தையின் இயற்பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். சட்டம் வந்த நாளிலேயே எல்லோரும் மாறிவிடவில்லை, நகரங்கள் முந்தின, கிராமங்கள் பிந்தின என்பதால், கோட்டின் இருபுறமும் ஓரிரு தலைமுறைக்கு இரண்டு முறையிலும் தேடிப் பாருங்கள்.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்

நார்வேயின் 1865-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் முப்பது வயதுள்ள பெடர் ஹான்சென் என்ற விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தந்தையைத் தேடும்போது 'ஹான்சென்' என்ற பெயரைத் தேடினால் எதுவும் கிட்டாது, கிட்டினாலும் அது வேறு ஆளாக இருக்கும். தேட வேண்டியது 'ஹான்ஸ்' என்பவரை. கணக்கெடுப்பில் பிறந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கும். அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1835-ஐ ஒட்டிய ஆண்டுகளைப் புரட்டினால், பெடர் என்ற குழந்தை, தந்தை ஹான்ஸ் ஊல்சென், தாய் காரி நில்ஸ்டாட்டர், பண்ணையின் பெயர், ஞானப்பெற்றோர் ஆகியவை ஒரே வரியில் கிடைக்கும். இந்த ஒரு வரியே இரண்டு தாத்தாக்களின் பெயரைச் சொல்லிவிடுகிறது: தந்தைவழித் தாத்தா ஊலெ, தாய்வழித் தாத்தா நில்ஸ். திருமணத்துக்குப் பின்னும் பெண் தன் தந்தையின் பெயரையே வைத்துக்கொண்டதால் நமக்குக் கிடைக்கும் பரிசு இது. உறைந்த குடும்பப்பெயர் உள்ள நாடுகளில் தாய்வழியைப் பிடிக்க இவ்வளவு எளிய கயிறு கிடைப்பதில்லை. ஹான்ஸ் 1800-க்கு முன் பிறந்தவராக இருந்தால், நார்வேயின் 1801-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊலெயின் வீட்டில் சிறுபிள்ளையாக அவரைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரைச் சூட்டும் வழக்கம் ஸ்காண்டிநேவியாவில் வலுவாக இருந்ததால், ஹான்ஸ் ஊல்சென், ஊலெ ஹான்சென், ஹான்ஸ் ஊல்சென் என்று பெயர்கள் மாறிமாறி வரும். ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஹான்ஸ் ஊல்சென் நான்கு பேர் இருப்பதும் இயல்பு. பெயர் பொருந்துவதை மட்டும் நம்பி இணைத்தால் அடுத்தவர் குடும்பத்துக்குள் போய்விடுவோம். பண்ணையின் பெயர், மனைவியின் பெயர், வயது, ஞானப்பெற்றோர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது ஒத்துப்போகாமல் எந்தத் தலைமுறையையும் இணைக்காதீர்கள். பண்ணையை விட்டு வேறு பண்ணைக்குப் போனவர் புதிய பண்ணையின் பெயரை ஏற்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. ஆகவே அதையும் குடும்பப்பெயர் என்று நினைத்துவிடக் கூடாது.

பதிவேடுகளும் அவற்றின் எல்லையும்

எந்த நாடானாலும் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே போவதே முறை. புகழ்பெற்ற ஒரு முன்னோரைத் தேர்ந்தெடுத்து அவரிடமிருந்து கீழே இறங்கிவர முயல்வது பெரும்பாலும் ஆசையில்தான் முடியும். இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் ஆணையிடப்பட்டன. அரசுப் பதிவு இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837-இலும், ஸ்காட்லாந்தில் 1855-இலும் தொடங்கியது. அயர்லாந்தில் எல்லாருக்குமான பதிவு 1864-இல்தான் வந்தது; 1922-இல் டப்ளினில் ஏற்பட்ட தீ பழைய ஆவணங்களைப் பெருமளவில் அழித்துவிட்டது, ஆகவே அங்கே 1901, 1911 கணக்கெடுப்புகளே பலருக்குத் தொடக்கப் படியாகின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள, அடிமைகள் அல்லாத மக்கள் அனைவரின் பெயரும் 1850-இலிருந்துதான் எழுதப்பட்டது. அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும்.

கணினித் தேடலில் எழுத்து வேறுபாடுகளைச் சமாளிக்கச் சவுண்டெக்ஸ் என்ற முறை உதவுகிறது. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்த முறை, பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யொலிகளை மூன்று இலக்கங்களாக மாற்றுகிறது. ஜான்சன், ஜான்சென் ஆகிய இரண்டுக்கும் ஒரே குறியீடு, ஜே 525, கிடைப்பதால் ஒன்றைத் தேடும்போது மற்றதும் வந்துவிடும். ஆனால் முன்பு சொன்ன இரண்டு தாம்சன்களில், 'பி' உள்ளது டி 512 ஆகவும், 'பி' இல்லாதது டி 525 ஆகவும் பிரிந்துபோகின்றன. அப்படிப்பட்ட பெயரை இருமுறை தேட வேண்டும். அதைவிட முக்கியமாக, முதலெழுத்து மாறிவிட்டால் இந்த முறை கைவிட்டுவிடும்: பவலும் ஹவலும், பிரைசும் ரீசும் அதற்கு முற்றிலும் வேறு பெயர்கள்.

கடல் கடந்தபோது மாறிய பெயர்கள்

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் புதிதாக வந்தவர்களின் பெயர்களை மாற்றிவிட்டார்கள் என்ற கதை பல குடும்பங்களில் உண்டு; ஆனால் நடந்தது அப்படி அல்ல. பயணிகள் பட்டியலைப் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவனங்கள் தயாரித்தன. தீவின் அதிகாரிகள் அதை வைத்து ஆட்களைச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே, வந்து சில ஆண்டுகள் ஆன பிறகு, வேலைக்காகவோ அக்கம்பக்கத்தாரின் நாவுக்காகவோ மாற்றிக்கொண்டார்கள். ஸ்வீடனின் யொஹான்சன் அமெரிக்காவில் ஜான்சன் ஆனது அப்படித்தான். ஆகவே அமெரிக்க ஜான்சன் ஒருவரின் மூலம் இங்கிலாந்தில்தான் இருக்கும் என்று தொடங்காமல், குடியுரிமை விண்ணப்பத்தைத் தேடி எடுங்கள்; பழைய பெயர் அதில் இருக்க வாய்ப்புண்டு. மொழிபெயர்த்துக்கொண்டவர்களும் உண்டு: 1823-இல் பிறந்த ஹங்கேரியக் கவிஞர் ஷாண்டோர் பெட்டோஃபியின் குடும்பப்பெயர் முதலில் பெட்ரோவிச், இரண்டுக்கும் பொருள் பீட்டரின் மகன்தான்.

சூட்டப்பட்ட பெயர்களை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். போர்ச்சுக்கீசியர் ஆட்சி நடந்த கரைகளில் மதம் மாறியவர்களுக்கு ஞானஸ்நானத்தின்போது போர்ச்சுக்கீசியக் குடும்பப்பெயர்கள் வழங்கப்பட்டன. அடிமைப்படுத்தப்பட்டு அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பலருக்கு உடைமையாளரின் பெயர் வந்தது. இவர்களுடைய பெயரில் இருக்கும் ஃபெர்னாண்டோவோ ஜானோ இவர்களின் மூதாதை அல்ல. இங்கே தேட வேண்டியது பெயர் சூட்டப்பட்ட நாளையும் சூட்டியவரையும்.

மரபணுச் சோதனை பற்றி

தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம், குடும்பப்பெயரும் இறங்கும் அதே வழியில் செல்வதால், ஒரே பெயருள்ள இரண்டு ஆண்கள் ஒரே மூதாதையின் வழி வந்தவர்களா என்று சோதிக்க அது உதவும். அரிய பெயர்களில் பயன் மிகுதி. இயற்பெயரிலிருந்து வந்த பெயர்களில் பயன் குறைவு, ஏனெனில் அவை ஒரே நேரத்தில் நூறு இடங்களில் தனித்தனியே தோன்றியவை. இரண்டு வில்லியம்ஸ்கள் பொருந்தாமல் போவது எதிர்பார்க்க வேண்டிய முடிவு. ஆவணங்களால் ஏற்கெனவே ஐயப்படும் இரண்டு குறிப்பிட்ட கிளைகளை ஒப்பிடுவதற்கு மட்டும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப்பெயரைச் சொன்னால் அதற்குரிய மரபுச் சின்னத்தைச் சட்டமிட்டுத் தருகிறோம் என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் அத்தகைய சின்னங்கள் தனி மனிதர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்பட்டவை, ஒரே பெயர் கொண்ட எல்லாருக்கும் உரியவை அல்ல.

குறிப்பேட்டில் எழுதும் விதம்

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆவணத்தில் உள்ளபடி பெயர், பதிவேடு இருக்கும் இடம், பக்க எண், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். அதன் கீழே முந்தைய தலைமுறையோடு இணைத்ததற்கான காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் 'பெயர் பொருந்துகிறது' என்பதைத் தவிர வேறு காரணம் எழுத முடியாவிட்டால், அந்த இணைப்பைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.